வெட்டி ஒட்டிய குரல்கள்

ஒரு பாட்டைக் கேட்டதும் அதைப் பாடியவர் யார், எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்று விசாரிக்கும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு வானொலியால் வந்தது. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் பாடலை ஒலிபரப்பும் முன் படத்தின் பெயர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். பி.எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் வாயால் அந்தப் பெயர்களைக் கேட்டுக் கேட்டே, பாட்டுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது சின்ன வயதிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. எழுத்து வாசனை இல்லாத எங்கள் மூத்தம்மாவுக்குக் கூட மருதகாசியையும் ஜி. ராமநாதனையும் தெரிந்திருந்தது.

இப்போது நான் பாடசாலைக்குப் போய்வரும் தனியார் பஸ்ஸில் ஒலிக்கும் பாட்டுகளுக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ஒரு பல்லவியின் பாதி வரும். அதன்மேல் இடி இடிப்பது போல ஒரு தாளம் விழும். சரணம் வரும் என்று காத்திருந்தால் வேறொரு படத்தின் பாட்டு குறுக்கே பாயும். நடுவில் யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் தன் பெயரையே நாலு தரம் சொல்லிக்கொள்வார். இதற்கு றீமிக்ஸ் என்று பெயர். என் வயதுக்காரர்கள் இதைக் கேட்டதும், "கொம்பியூட்டர் வந்துதான் எல்லாம் கெட்டது" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கத்தி இருப்பதால் சமையல் கெடுவதில்லை.

முதலில் இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பழைய பாட்டைப் புதியவர்களைக் கொண்டு மீண்டும் பாட வைத்துப் புதிய தாளம் சேர்ப்பது. மற்றது, பழைய ஒலிப்பதிவிலிருந்தே ஒரு துண்டை வெட்டியெடுத்துப் புதிய பாட்டுக்குள் ஒட்டுவது. இதைத்தான் சாம்ப்ளிங் என்கிறார்கள். தமிழ்ச் சினிமாவில் அதிகம் நடந்தது முதலாவது. 2003இல் வந்த 'குறும்பு' படத்துக்காக யுவன் சங்கர் ராஜா, தன் தந்தை இளையராஜா 1983இல் 'அடுத்த வாரிசு' படத்துக்கு இசையமைத்த 'ஆசை நூறு வகை'யை எடுத்துக் கையாண்டார். பிறகு அது ஒரு தொற்றாகிவிட்டது. 2007இல் மட்டும் 'போக்கிரி'யில் 'வசந்த முல்லை', 'அழகிய தமிழ் மகன்' படத்தில் 'பொன்மகள் வந்தாள்', 'பில்லா'வில் பழைய 'பில்லா'வின் பாட்டு என்று வரிசையாக வந்தன.

'வசந்த முல்லை' 1958இல் வெளிவந்த 'சாரங்கதாரா' படத்துக்கு ஜி. ராமநாதன் சாருகேசி ராகத்தில் அமைத்த பாட்டு. டி.எம். சௌந்தரராஜன் ஒரு சுரத்திலிருந்து மற்றச் சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் இடங்களில்தான் அந்த ராகத்தின் உயிர் இருக்கிறது. அக்காலத்தில் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இருந்து பதிவு செய்தார்கள். பாடகர் ஒரு சங்கதியில் கொஞ்சம் நின்றால் தபேலாவும் அவருக்காகக் கொஞ்சம் நிற்கும். இயந்திரத் தாளம் யாருக்காகவும் நிற்பதில்லை. புதிய பதிப்பில் தாளம் பின்னாலிருந்து குரலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வழுக்கல்கள் இஸ்திரி போட்டது போல நேராகிவிடுகின்றன. மெட்டு மிஞ்சுகிறது, ராகம் போய்விடுகிறது.

பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் கேட்பது இரண்டாவது வகை. அங்கே பழைய குரலையே புதிய தாளத்தின் வேகத்துக்கு இழுக்கிறார்கள். கசற்றை வேகமாக ஓட்டினால் சுருதியும் ஏறிவிடும் என்பது எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். பற்றரி இறங்கிய ரேப் றெக்கோடரில் ஜானகியம்மாவின் குரல் ஆண்குரலாக மாறுவதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நாங்கள். இன்றைய மென்பொருளால் சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் கூட்ட முடியும். ஆனால் அளவுக்கு மீறி இழுத்தால் குரல் தகரத்தில் உரசுவது போலாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க இசை படித்திருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்தபின் ஒருதரம் பொறுமையாகக் கேட்டிருந்தால் போதும்.

என் வழக்கு இதுதான். மோசமான றீமிக்ஸ் என்பது கலந்ததால் வரும் குற்றமல்ல, கேட்காமல் வெட்டியதால் வரும் குற்றம்.

கலப்பதைக் குற்றம் சொல்லும் உரிமை எங்களுக்குக் கிடையாது. சினிமா மெட்டில் இஸ்லாமிய கீதம் கட்டிப் பாடிய சமூகம் நாங்கள். ஆனால் அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிட்டிருக்கும். சில சதத்துக்கு விற்ற மெலிந்த புத்தகம், மங்கிய தாள், எழுத்துப் பிழைகள் வேறு. ஆனாலும் எடுத்த இடத்தைச் சொல்லத் தவறவில்லை. மெட்டைக் கடன் வாங்கிய புலவர் அந்த மெட்டை முழுதாகக் கேட்டிருந்தார். எந்த இடத்தில் நெடில் விழும், எங்கே மூச்செடுக்க வேண்டும் என்று அறிந்துதான் தன் சொல்லை அதில் இருத்தினார்.

கேட்காமல் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் உதாரணங்கள் நிறைய உண்டு. எரிக் சேர்மன் என்ற அமெரிக்க ராப் பாடகர் 2002இல் 'ரியாக்ட்' என்றொரு பாட்டை வெளியிட்டார். அதில் 1963இல் வந்த 'தாஜ் மஹால்' ஹிந்திப் படப் பாட்டொன்றின் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவருக்குத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும் ஆசை வந்துவிட்டால் யார்தான் என்ன செய்ய முடியும் என்ற பொருளில் அந்தப் பெண்குரல் உர்துவில் கேட்கிறது. ராப் பாடகரோ, அவள் என்ன சொன்னாளோ அதுவே நான் என்ற தோரணையில் பதில் கொடுக்கிறார். வேடிக்கையாகத்தான் செய்தார்கள். மொழி தெரிந்தவனுக்கோ சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதைவிட மனத்தை வருத்துவது இன்னொன்று. ஹியூகோ சேம்ப் என்ற இனஇசை ஆய்வாளர் 1970இல் சொலமன் தீவுகளில் மலைத்தா என்னும் தீவுக்குப் போய், அபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டு ஒன்றைப் பதிவு செய்தார். தாயும் தகப்பனும் இறந்துபோன வீட்டில், அழும் சின்னப் பிள்ளையைத் தேற்றுகிற பாட்டு அது. 1992இல் 'டீப் ஃபொரெஸ்ட்' என்ற பிரெஞ்சு இசைக்குழு அந்தக் குரலை வெட்டியெடுத்து, ஆட்டத் தாளம் சேர்த்து, 'ஸ்வீட் லலபை' என்று விற்றது. இசைத்தட்டு உலகமெல்லாம் ஓடியது. அந்த இசைத்தட்டு ஆபிரிக்கக் காட்டில் வாழும் பிக்மி மக்களின் பெயரைச் சொல்லி விற்கப்பட்டது. குரலோ பசுபிக் சமுத்திரத்தின் குரல். பிறகு நோர்வே நாட்டின் புகழ்பெற்ற சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக் 1996இல் அதே மெட்டை 'பிக்மி தாலாட்டு' என்ற பெயரிலேயே வாசித்தார். முதலில் வெட்டியவர் விட்ட பிழை இரண்டாமவருக்கு உண்மையாகிவிட்டது. அநாதைப் பிள்ளையின் துயரம் எங்கே போயிற்று என்று இருவரும் தேடவில்லை.

எங்கள் மனத்தைத் தொட்ட சம்பவங்களும் உண்டு. 1981இல் பிரயன் ஈனோவும் டேவிட் பேர்ணும் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டில், குர்ஆன் ஓதும் குரல்களை வெட்டித் தாளத்தோடு சேர்த்திருந்தார்கள். பிரித்தானியாவின் இஸ்லாமிய அமைப்பொன்று ஆட்சேபித்ததும், பின்வந்த பதிப்புகளிலிருந்து அதை நீக்கினார்கள். 2020இல் பாடகி ரிஹானாவின் ஆடைக் கண்காட்சி ஒன்றில் ஒலித்த பாட்டில் ஹதீஸ் வாசகம் இருந்ததாகக் கண்டனம் எழுந்தது. ரிஹானா மன்னிப்புக் கேட்டார். பாட்டை உருவாக்கிய பெண்ணும் மன்னிப்புக் கேட்டார். இணையத்தில் கிடைத்த பிரேசில் நாட்டு ஆட்டப் பாட்டுகளிலிருந்து அந்தத் துண்டை எடுத்ததாகவும், அதில் இருப்பது ஹதீஸ் என்று தெரியாது என்றும் சொன்னார். நான் அதை நம்புகிறேன். வெட்டியதிலிருந்து இன்னொருவர் வெட்டியிருக்கிறார். இடையில் ஒருவராவது, இது என்ன மொழி, என்ன சொல்லுகிறது என்று கேட்டிருந்தால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும்.

இதெல்லாம் தூரத்துக் கதைகள். எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலைத் தமிழ் மன்றம் ஊரின் நாட்டார் கவிகளையும் தாலாட்டுகளையும் சேகரித்தது. பிள்ளைகள் கைபேசியில் பதிவு செய்தார்கள். அவர்களுக்குப் பாடிக் கொடுத்தவர்களில் ஒரு வயோதிபத் தாய் இருந்தார். வெற்றிலையை இடித்து வாயில் போட்டுக்கொண்டு மூன்று நிமிடம் தாலாட்டுப் படித்தார். பாதியில் அந்தத் தாலாட்டு வேறெங்கோ திரும்பியது. தொண்ணூறாம் ஆண்டு வயலுக்குப் போய்த் திரும்பி வராத தன் மூத்த மகனை அவர் கூப்பிடத் தொடங்கிவிட்டார். பதிவு செய்த பிள்ளைகள் கைபேசியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்கள். அடுத்த வருடம் அந்தத் தாய் மௌத்தாகிப் போனார்.

போன வருடம் என் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஓடி வந்தான்.

"சேர், நம்மட ஊர்ப் பாட்ட என்ன மாதிரி மாத்தி இருக்காங்க எண்டு கேளுங்க."

கேட்டேன். அந்தத் தாயின் குரல்தான். மகனை அழைக்கும் ஒற்றைச் சொல்லை மட்டும் வெட்டி, ஊசி சிக்கிய இசைத்தட்டுப் போல எட்டுத் தரம், பதினாறு தரம் திருப்பித் திருப்பி ஓட்டியிருந்தார்கள். கீழே ஆட்டத் தாளம்.

"இது ஆர்ர குரல் மகன்?"

"தெரியா சேர். போன்ல வந்த."

"என்ன சொல்லிப் படிக்காங்க?"

"அது விளங்கல்ல சேர். ஆனா பீட் நல்லம்."

இதை ஒரு கல்யாண வீட்டில் பெரிய ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாயின் மகளும் அங்கே விருந்துக்குப் போயிருந்திருக்கிறார். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனாராம். ஏன் போனார் என்று அங்கிருந்த பலருக்கு விளங்கவேயில்லை. இசை போட்ட பையன்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு அது ஒரு சத்தம். அவருக்கு அது உம்மா.

நான் மாணவனைக் கடிந்துகொள்ளவில்லை. பாடசாலையில் இருந்த முழுப் பதிவையும் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று நிமிடமும் கேட்டான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதுக்கு நல்லா ஒரு தாளம் போடலாமா சேர்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அதை அவருடைய மகளிடம் போய்க் கேள் என்றேன். போயிருக்கிறான். அவர் சொன்ன மறுமொழியை அடுத்த நாள் வந்து எனக்குச் சொன்னான்: "தாளம் போட்டது எனக்கு வாணா மகன். உம்மா படிச்சத முழுசாத் தாங்க." அவரிடம் தாயின் குரல் ஒரு துண்டுகூட இருக்கவில்லை. ஊரெல்லாம் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்த குரல், சொந்த வீட்டில் இல்லை.

பெயர் சொல்வது ஒரு மரியாதை மட்டும் அல்ல, அது ஒரு கடன். அமெரிக்காவில் 2002இல் வந்த 'அடிக்டிவ்' என்ற பாட்டில் லதா மங்கேஷ்கரின் குரலை வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்தப் பாட்டுக்கு 1981இல் இசையமைத்த பப்பி லஹிரியின் பெயர் எங்குமே இல்லை. வழக்கு நடந்தது. அவர் பெயரைக் குறிப்பிடாமல் விற்கக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. லஹிரிக்கு நீதிமன்றம் போக வசதி இருந்தது. 'வின்ஸ்டன்ஸ்' குழுவின் டிரம் கலைஞர் கிரெகரி கோல்மனுக்கு அது இருக்கவில்லை. 1969இல் அவர் வாசித்த ஏழு வினாடி அளவான தாளத் துண்டை ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஒட்டினார்கள். அவற்றில் மிக நல்ல இசையும் உண்டு. ஆனால் அவர் 2006இல் வீடில்லாதவராக இறந்தார். ஆகவே வெட்டி ஒட்டியது அழகாக வந்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது.

எங்கள் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளைப் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் ஒரு கிராமத்துத் தாயின் மூன்று நிமிடத் தாலாட்டுக்காக யாரும் நீதிமன்றப் படி ஏறப் போவதில்லை. சட்டம் வராத இடத்தில் பழக்கம்தான் வேலை செய்ய வேண்டும்.

எங்கள் தமிழ் மன்றத்தில் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். குரலைப் பதிவு செய்யும் பிள்ளை அதில் ஐந்து விடயங்களை எழுத வேண்டும். பாடியவர் பெயர், ஊர், பதிவு செய்த நாள், பாட்டில் என்ன சொல்கிறார், யாரிடம் அனுமதி கேட்டோம். பதிவின் ஒரு பிரதி பாடியவரின் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு தாளம் போடுகிறவர் போடட்டும். நாலாவது கேள்விக்குப் பதில் எழுதப் பிள்ளைகள் மிகவும் சிரமப்படுகிறார்கள். பதிவைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்கிறார்கள், விளங்காத சொல்லுக்காக வீட்டில் உள்ள பெரியவர்களைத் தேடிப் போகிறார்கள். அந்தச் சிரமம்தான் எனக்கு வேண்டியது.