அம்மா விட்ட இடம்

குரோஷா ஊசி பிடிச்சவங்க எல்லாம் கை தூக்குங்க பார்ப்போம்!

குடிபாலாவில் எங்க வீட்டு டி.வி.க்கும் ரேடியோவுக்கும் அம்மா பின்னின உறைதான். பேங்க்ல கணக்குப் பார்க்கிற எனக்கு அது வெட்டி வேலை.

2016 ஜனவரி 31-ல் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' பெண்கள், தனித்தனியா பின்னினதை இணைச்சு 11,148.5 சதுர மீட்டர் போர்வை விரிச்சு கின்னஸ் சாதனை பண்ணாங்க. அப்புறம் பிரிச்சு இல்லாதவங்களுக்குக் கொடுத்துட்டாங்க. அதைப் படிச்சப்பதான் மறைந்த அம்மாவோட பெட்டி ஞாபகம் வந்தது. உள்ளே ஊசியோட ஒரு பாதிச் சதுரம்!

இங்கே பின்னல் தோழிகள் சொல்லித்தர, மீதியை முடிச்சேன். அம்மா கை எங்கே நின்னு என் கை எங்கே ஆரம்பிச்சதுன்னு பார்த்தாலே தெரியுது. 'பிரிச்சுட்டுத் திரும்பப் போடு'ங்கறாங்க தோழிகள்.

மனசு வரலைங்க.