நிர்ப்பந்தமும் அதன் எல்லையும்

2024 டிசம்பர் 3ஆம் நாள் இரவு தென்கொரிய அதிபர் யூன் சுக் இயோல் தம் நாட்டில் 'மார்ஷல் லா' பிறப்பித்தார். அவ்வாரத்தில் ஒரு நாள், ஸுபுஹுத் தொழுகைக்குப் பின் ஜமாஅத்தார் சிலர் நம்மிடம் அச்சொல்லுக்குப் பொருள் கேட்டனர். "கலவரக் காலத்தில் 144 போடுவார்களே, அதுதானா ஹஜ்ரத்?" என்றார் ஒரு பெரியவர். "எழுபத்தைந்தில் வந்த நெருக்கடி நிலையன்றோ அது?" என்றார் மற்றொருவர். இரண்டும் அல்ல. மூன்றையும் பிரித்தறிதல் நலம்.

அமைதி குலையுமென அஞ்சும் இடத்தில், கூட்டம் கூடுவதைத் தடுத்து அதிகாரிகள் இடும் ஆணையே 144. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 163ஆம் பிரிவாகிவிட்டது. மக்கள் நாவில் இன்னும் 144தான். நெருக்கடி நிலை என்பது அரசியல் சாசனத்தின் 352ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் அறிவிப்பது. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை அது நீடித்தபோது உரிமைகள் முடங்கின. எனினும் ஆட்சி படையினரிடம் செல்லவில்லை. மார்ஷல் லாவிலோ சிவில் நிர்வாகம் ஒதுங்கிவிடும். படைத்தலைவரின் கட்டளையே சட்டமாகும். குடிமக்களைப் படை நீதிமன்றங்கள் விசாரிக்கும். இதை 'இராணுவச் சட்டம்' என்கிறோம். படைவீரர்களின் ஒழுங்குக்கென உள்ள சட்டத்திற்கும் அதே பெயர் வழங்குவதால் மயக்கம் நேர்கிறது. அது படைவீரனைக் கட்டுப்படுத்துவது. இது படைவீரனைக் கொண்டு ஊரைக் கட்டுப்படுத்துவது. நம் சாசனத்தின் 34ஆம் பிரிவில் இச்சொல் வருகிறது. ஆனால் அதற்கு விளக்கம் தரப்படவில்லை.

அரபியில் இதனை 'அல்அஹ்காமுல் உர்ஃபிய்யா' என்பர். 'உர்ஃப்' என்றால் மக்களின் நல்வழக்கம் என்றே மத்ரஸாவில் நாம் ஓதிக்கொடுத்து வருகிறோம். ஆனால் உதுமானியர் ஆட்சியில் சுல்தானின் ஆணையால் எழுந்த சட்டத்திற்கும் அப்பெயர் வழங்கிற்று. 1876ஆம் ஆண்டின் உதுமானிய அரசியல் சாசனம் இராணுவ ஆட்சியை அச்சொல்லாலேயே குறித்தது. மக்களின் வழக்கத்தைச் சுட்டிய சொல், அவ்வழக்கத்தை நிறுத்தி வைக்கும் ஆட்சிக்குப் பெயராயிற்று.

இத்தகைய ஆட்சியைக் கொணர்வோர் கூறும் நியாயம் எங்கும் ஒன்றே: நிர்ப்பந்தம். அதைத்தான் ஃபிக்ஹு நூல்கள் 'ளரூரத்' என்கின்றன. 1869 முதல் 1876 வரை உதுமானியர் தொகுத்த 'மஜல்லா' சட்டநூலில் இதுபற்றி மூன்று விதிகள் அடுத்தடுத்து உள்ளன. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது 21ஆம் விதியின் கருத்து. அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்கே அது ஆகும் என்பது 22ஆவது. காரணம் நீங்கினால் அனுமதியும் நீங்கும் என்பது 23ஆவது. பசியால் உயிர் போகும் நிலையில் செத்த பிராணியின் இறைச்சியை உண்ண மார்க்கம் இடமளிக்கிறது. உயிர் தரிக்குமளவு உண்ணலாம். ஹலாலான உணவு கிடைத்த பின்னரும் அதனையே தேடிச் செல்லலாகாது.

ஆட்சியாளர் பலர் 21ஆம் விதியோடு நின்றுவிடுகின்றனர். பாகிஸ்தானில் 1977 ஜூலை 5 அன்று ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் ஜியாவுல் ஹக், 90 நாட்களில் தேர்தல் நடத்துவதாக வாக்களித்தார். அவ்வாண்டே உச்ச நீதிமன்றமும் நிர்ப்பந்தம் என்ற காரணத்தால் அவர் செயலை ஏற்றது. அந்த இராணுவச் சட்டம் நீங்கியதோ 1985 டிசம்பர் 30 அன்று! தொண்ணூறு நாள் நிர்ப்பந்தம் எட்டாண்டுகளைக் கடந்தது.

நமக்கு அண்மையிலும் ஒரு சான்றுண்டு. மாப்பிள்ளைமார் கிளர்ச்சியை ஒடுக்க 1921 ஆகஸ்டில் ஆங்கிலேயர் மலபாரில் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தனர். நவம்பரில் திரூரிலிருந்து கைதிகளை மூடிய சரக்கு வண்டியொன்றில் அடைத்து அனுப்பினர். போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள் கிடந்தன. மூச்சடைத்து மாண்டோர் 60க்கும் மேற்பட்டோர். கைதிகளை வேற்றிடம் அனுப்புவது நிர்ப்பந்தம் என்றே வைத்துக்கொள்வோம். காற்று நுழைய வழியின்றி அடைத்தது எந்த நிர்ப்பந்தம்? போத்தனூர் வழியே ரயிலில் செல்லும் போதெல்லாம் இக்கேள்வி நம் நெஞ்சில் எழாமல் இருப்பதில்லை.

அளவைத் தாமே தீர்மானித்துக் கொள்ளும் அதிகாரம் தமக்கு உண்டென்று ஆள்வோர் எண்ணும்போதே அநீதி தொடங்கிவிடுகிறது. அளந்து பார்க்க வேறொருவர் வேண்டும். தென்கொரியாவில் அன்றிரவே 190 உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் கூடி, ஒருமனதாக அந்த ஆணையை நிராகரித்தனர். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அது நீங்கிற்று. 2025 ஏப்ரல் 4 அன்று அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் அதிபரையே பதவி நீக்கியது.

ஆகவே, 'மார்ஷல் லா' என்ற செய்தி எங்கிருந்து வரினும் மூன்று கேள்விகளைக் கேட்போமாக: என்ன நிர்ப்பந்தம்? எவ்வளவு? எதுவரை? நம் பிள்ளைகளுக்கு முதல் விதியை ஓதிக்கொடுக்கும்போது மற்ற இரண்டையும் சேர்த்தே ஓதிக்கொடுப்போமாக. வல்ல அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.