பட்டியலில் இல்லாத சிலாங்கூர்

உங்கள் மைகார்டை எடுத்து ஏழாவது, எட்டாவது இலக்கங்களைப் பாருங்கள். நீங்கள் பிறந்த மாநிலத்தின் எண் அது. 01 என்றால் ஜொகூர், 10 சிலாங்கூர், 14 கோலாலம்பூர். யாரும் இஷ்டத்துக்கு எழுதியதல்ல, பட்டியலிலிருந்து எடுத்தது.

இந்த ஏற்பாட்டின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு தன்னார்வக் குழுவில். வானொலி வேலை போக மிச்ச நேரத்தில் அவர்களுக்குக் கைகொடுப்பேன். பள்ளிப் பை வழங்க இணையத்தில் விண்ணப்பம் வாங்கினார்கள். மாநிலம் என்ற கட்டத்தில் எதையும் தட்டலாம். சிலாங்கூர், செலாங்கூர், சிலாங்கூர் டாருல் ஏசான் என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். நமக்கு மூன்றும் ஒன்று; கணினிக்கு மூன்றும் வேறு. 'சிலாங்கூர்' என்று தேடி எடுத்த பெயர்ப் பட்டியலில் பல பிள்ளைகள் விடுபட்டார்கள். "எங்க பிள்ளை பேரு வரலியேம்மா" என்று ஓர் அம்மா அழைத்தார்.

செராஸில் எங்கள் அடுக்குமாடியில் மென்பொருள் எழுதும் தம்பி ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, இதுக்கு ஸ்ட்ரிங் வைக்கக் கூடாது, ஈனம் வைக்கணும்" என்றார். திட்டுகிறாரோ என்று பார்த்தேன். எனுமரேஷன் என்பதன் சுருக்கமாம்!

ஸ்ட்ரிங் என்பது வெறும் எழுத்துக் கோவை. எதை எழுதினாலும் ஏற்கும். ஈனம் என்பது இன்னின்னவைதான் செல்லும் என்று முன்பே பெயரிட்டு மூடிய பட்டியல். நிரலில் ஓர் எழுத்து பிசகினாலும் ஜாவா போன்ற மொழிகளில் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். ஜாவாவுக்கு இந்த வசதி 2004இல் வந்தது. வெளியிலிருந்து வரும் விண்ணப்பத்தையும் வாசலிலேயே பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் திருப்பிக் கேட்கலாம்.

பட்டியல் வளராது என்பதில்லை. கோலாலம்பூர் 1974இலும், லாபுவான் 1984இலும், புத்ராஜெயா 2001இலும் கூட்டரசுப் பிரதேசங்களாயின. 13 மாநிலங்களோடு இன்று 16. ஓரிடத்தில் சேர்த்தால் போதும். எங்கள் செராஸையே பாருங்கள்: ஒரு பகுதி கோலாலம்பூர், மறு பகுதி சிலாங்கூரின் உலு லங்காட். 'செராஸ்' என்று மட்டும் எழுதினால் எந்த மாநிலம் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் எல்லாவற்றையும் பட்டியலில் அடைக்க முடியாது. குடும்பப் பெயர் கட்டாயம் என்னும் படிவங்களில் நம்மில் பலர் அப்பா பெயரைத்தான் நிரப்புகிறோம். படிவம் தயாரிக்கும் இளைஞர்களே, மாநிலத்துக்குப் பட்டியல் கொடுங்கள். பெயருக்கு வெற்றுக் கட்டம் விடுங்கள். உங்கள் கட்டத்தில் தவறிப்போவது ஒரு சொல் மட்டுமல்ல, ஒரு பிள்ளையின் பள்ளிப் பையும்தான்.