கார் துடைக்க ஒரு வாளி போதும்!

அதிகாலையில் மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் நடந்தால், வாசல் தெளிக்கும் வாளிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வாளியும் தென்படும். அது கார் துடைப்பவரின் வாளி. மாதச் சம்பளத்துக்கு நாலைந்து வீட்டுக் கார்களைத் துடைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

சென்னையில் ஏரியாவுக்கு ஏரியா அழுக்கும் மாறும். கச்சேரி சாலையிலும் தி.நகர் பனகல் பூங்கா பக்கமும் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிகளின் புழுதி. அடையாறு, பெசன்ட் நகரில் கடற்காற்றோடு வரும் உப்பு. நிழலுக்காக மரத்தடியில் நிறுத்தினால் பிசினும் காக்கை எச்சமும் இலவசம்.

ஆனால், பளபளப்பைக் கெடுப்பது பெரும்பாலும் அழுக்கல்ல, துடைக்கும் விதம்தான். பெயின்ட்டின் மேலிருக்கும் ‘க்ளியர் கோட்’ ஒரு தலைமுடியின் கனம்கூட இருக்காது. புழுதி படிந்த பானெட்டைக் காய்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் சிலந்தி வலை போலத் தெரியும் கீறல்கள் அப்படி வந்தவைதான். புழுதியோடு கவர் போட்டு மூடினாலும், காற்றில் அது உரசிக் கீறல் விழும்.

அதற்காகத் தினமும் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவவும் முடியாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. அதைப் பார்த்த நகரம் இது.

ஒரு வாளியிலேயே வேலை முடியும். நிழலில், பானெட் சூடு ஆறிய பிறகு தொடங்குங்கள். முதலில் தண்ணீர் தெளித்துப் புழுதியை ஊறவிடுங்கள். மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, கூரையிலிருந்து கீழ்நோக்கி, அழுத்தாமல் நேர்கோட்டில் துடையுங்கள். ஒரு பக்கம் அழுக்கானதும் மடிப்பை மாற்றுங்கள். சக்கரங்களுக்குத் தனித் துணி. எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டுவைத்தால் இளகிவிடும். கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இல்லாவிட்டால் போர் தண்ணீரின் உப்பு வெள்ளைப் புள்ளியாகத் தங்கிவிடும். சேறு அப்பியிருந்தால் மட்டும் முழுக் கழுவல்தான் வழி.

கீறலுக்குக் கார் துடைப்பவரைத் திட்டுவதற்கு முன், அவர் கையில் இருக்கும் துணியைப் பாருங்கள். பழைய பனியனும் ஒரே வாளித் தண்ணீரும்தான் ஐந்து கார்களுக்கும் என்றால், முதல் காரின் மணல் ஐந்தாவது காரில் கோடு போடும். நம் காருக்கென்று இரண்டு நல்ல துணிகளும் ஒரு வாளி புதுத் தண்ணீரும் கொடுத்தால், மறு பெயின்ட் செலவு மிச்சம்; அவருக்கும் திட்டு மிச்சம்.