யந்திரம் பாடிய தோடி

செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய உதவியாளரிடம் தோடி ராகத்தில் ஒரு மெட்டு அமைத்துத் தருமாறு கேட்டோம். கண்ணிமைக்கும் நேரத்தில் எழுதித் தந்துவிட்டது. மேளகர்த்தா வரிசையில் எட்டாவது என்ற ஜாதகம் உட்பட எல்லாம் சரி. ஸட்ஜம் 60, ரிஷபம் 61, காந்தாரம் 63 என்று எண்களாகவே கணினியின் இசை மென்பொருளில் ஏற்றினோம், வாசித்தது. ஸ்வரத்தில் ஒரு பிழை இல்லை, தோடியும் இல்லை!

காரணம் அந்தக் காந்தாரந்தான். நம் வித்வான்கள் அதைச் சும்மா நிற்க விடுவார்களா? ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊஞ்சலாட்டுவார்கள். யந்திரத்தின் காந்தாரமோ நட்டு வைத்த கம்பமாய் நின்றது. “கமகம் எங்கே, ஐயா?” என்றோம். வெகு பணிவுடன் சுருதியை வளைக்கும் கட்டளைகளைச் சேர்த்தது. உடனே எல்லாக் காந்தாரங்களும் ஒரே அளவாய், குளிர் ஜுரம் கண்டவனைப் போல் நடுங்கின.

கமகத்தை எழுதவே முடியாது என்பதற்கில்லை. 1904-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் வெளியான சுப்பராம தீக்ஷிதரின் ‘ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’யில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. ஆனால் குறியைக் கண்டதும் எவ்வளவு அசைப்பது என்பதைக் குருவின் எதிரே உட்கார்ந்து கேட்டவர்களே அறிவார்கள்.

சங்கராபரணம் பரவாயில்லை, முத்துஸ்வாமி தீக்ஷிதரின் நோட்டு ஸ்வரங்களைப் போல் அசையாமல் நிமிர்ந்து நடந்தது. அதற்கு நமக்கு ஆட்சேபமில்லை.

அடுத்த அறையில் வர்ணம் பழகும் குழந்தை ஓடிவந்து, “இதுதான் தோடியா?” என்று கேட்டாள். அல்லவென்று சொல்ல நாம் இருந்தோம். சொல்ல ஆள் இல்லாத வீடுகளில்? மெட்டை அழித்துவிட்டு, அவளைத் தம்பூராவின் முன் உட்கார்த்தி, காந்தாரத்தை மட்டும் பாடச் சொன்னோம்.