ஆச்சு சார்

டைரக்டர் கேட்டார்: "ரோப் செக் பண்ணியாச்சா?" "ஆச்சு சார்" என்றேன். பார்க்கவே இல்லை. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி தூக்கம்தான் வரல.

புரூஸ் லீ மகன் பிராண்டன் லீ செத்ததும் படப்பிடிப்பில்தான். 1993 மார்ச் 31, வில்மிங்டன், 'தி க்ரோ'. அதற்கு முன்பு குளோசப் ஷாட்டுக்காக நிஜத் தோட்டாக்களைப் பிரித்து, மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டைத் திரும்பச் செருகியிருந்தார்கள். பிரைமரை மறந்துவிட்டார்கள். அது மட்டும் வெடித்து, குண்டு பாதி வழியில் குழலுக்குள் சிக்கிக்கொண்டது. பிறகு அதே துப்பாக்கியில் குண்டில்லாத வெற்றுத் தோட்டா. அதன் மருந்து சிக்கியிருந்ததைத் தள்ளிவிட்டது. அவருக்கு வயசு 28.

சொந்தமாகத் தோட்டா அடைப்பவர்கள் இதை ஸ்குவிப் என்பார்கள். சத்தம் குறைந்தால் அடுத்ததைச் சுடாதே, குழலைப் பார் என்பது அவர்கள் பாடம்.

இப்போதெல்லாம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் "ஆச்சு சார்".