முழுப்பேரும் அரைப்பேரும்

பசறையிலிருந்து ஆசிரிய நண்பர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். பதுளை நகரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் சுயமுன்னேற்றக் கருத்தரங்கு ஒன்று நடக்கவிருக்கிறதாம். ஒருநாள் நிகழ்ச்சி, கட்டணம் 6,000 ரூபா. உயர்தரம் படிக்கும் அவருடைய மகள் போயே தீர வேண்டும் என்று நிற்கிறாளாம். "அண்ணே, இந்த மாதிரிக் கூட்டமெல்லாம் நீங்க எத்தனையோ பாத்திருப்பீங்க. அனுப்பலாமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய பதில்தான். ஆயினும் வாய் வரவில்லை. இரவு பேசுகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். காரணம் பழையது.

2010ஆம் ஆண்டு அது. அன்று பதுளையில் நடந்த அத்தகைய கருத்தரங்கு ஒன்றுக்குச் செய்தியாளனாகப் போயிருந்தேன். வாசலில் கோப்பும் பேனாவும் கொடுத்தார்கள். குளிரூட்டிய அறை, காதை அடைக்கும் இசை. கழுத்துப்பட்டி அணிந்த வளவாளர் மேடையில் ஓரிடத்தில் நில்லாமல் நடந்துகொண்டே பேசினார். முந்நூறு இளைஞர்கள் எழுந்து நின்று "என்னால் முடியும்" என்று மும்முறை முழங்கினார்கள். ஹாலிஎல, தெமோதரை, ஸ்பிரிங்வெலி, மடுல்சீமை என்று எல்லாத் திசைகளிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த பிள்ளைகள். என் பக்கத்தில் அமர்ந்திருந்த பையன் அழுதுகொண்டிருந்தான். நானும் நெகிழ்ந்து போனேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. "தோட்டக்காட்டான்" என்ற சொல்லைக் காதில் வாங்கியே வளர்ந்த ஒரு பிள்ளையிடம், உன்னால் முடியும் என்று ஒருவர் உரத்த குரலில் சொல்வது சிறிய காரியமன்று. பகலுணவுப் பொதியையும் வாங்கிக்கொண்டு அலுவலகம் திரும்பி, மூன்று பத்தி அகலத்தில் புகழ்ந்து எழுதினேன். கட்டணம் 3,500 ரூபா என்பதை எழுதினேனே தவிர, அது யாருக்கு எத்தனை நாள் உழைப்பு என்று எழுதவில்லை. 2009 செப்டெம்பரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் அப்போது 285 ரூபா. பன்னிரண்டு நாள் மலையேறினாலும் அந்தக் கட்டணம் சேராது.

ஏழெட்டு மாதங்கள் கழித்து ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். கையில் நான் எழுதிய செய்தியின் துண்டு, நான்காக மடிக்கப்பட்டிருந்தது.

"ஐயா, இத எழுதுனது நீங்கதானுங்களா?"

ஆம் என்றேன்.

"பேப்பருலயே போட்டிருக்குன்னுதான் மவன அனுப்புனேனுங்க."

முதல் கருத்தரங்கு முடிந்ததும் "அடுத்த நிலை" என்று ஒன்றுக்கு அழைத்திருக்கிறார்கள். அதற்குக் கட்டணம் கூட. அதையும் முடித்தவர்களுக்கு மூன்றாவதாக ஒரு கூட்டம். அங்கேதான் விஷயம் வெளியே வந்திருக்கிறது. ஒரு பொருளை வாங்கி அங்கத்தவராக வேண்டும். பிறகு இருவரைச் சேர்த்துவிட வேண்டும். அவர்கள் ஆளுக்கு இருவரைச் சேர்ப்பார்கள். படுத்திருக்கையில் பணம் வரும். அம்மா ஐம்பது வயதில் எடுத்த ஊழியர் சேமலாப நிதியிலிருந்து மகன் கட்டினான். சித்தப்பாவைச் சேர்த்தான். அடுத்த லயத்தில் இருந்த அத்தை மகனைச் சேர்த்தான். அதற்குமேல் சேர்க்க ஆளில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது பத்து நிமிட வேலை. இரண்டிரண்டாகப் பெருகினால் பத்தாவது சுற்றில் 1,024 பேர் வேண்டும். பதினைந்தாவதில் 32,768 பேர். இருபத்தைந்தாவதில் 3 கோடியே 35 இலட்சம் பேர். இலங்கையின் மொத்த மக்கள் தொகையே ஏறக்குறைய 2 கோடியே 17 இலட்சம்தான். பன்னிரண்டு காம்பராக்கள் கொண்ட ஒரு லயத்தில் அது மூன்றாவது சுற்றிலேயே மூச்சுவிட முடியாமல் நின்றுவிடும். இத்தகைய பிரமிட் திட்டங்களை நடத்துவதும் அவற்றில் ஆள் சேர்ப்பதும் வங்கித் தொழில் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ்க் குற்றம். நான் அந்தச் செய்தியை எழுதிய காலத்திலும் அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. மத்திய வங்கி தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலை அவ்வப்போது வெளியிடுகிறது. 2023இல் எம்.டி.எப்.ஈ., ஒன்மெக்ஸ் டி.டி. ஆகிய பெயர்கள் அதில் சேர்ந்தன. பெயர்கள் மாறுகின்றன, கூட்டத்தைத் தொடங்கிவைக்கும் கைதட்டல் மாறவில்லை.

அந்தத் தாய் என்னிடம் பணம் கேட்கவில்லை. மகன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றும், தீபாவளிக்குக்கூட வர மறுக்கிறான் என்றும் சொன்னார். சித்தப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவனுடைய கவலை. இருபது வயதுப் பிள்ளை. தோற்றவனுக்கு அந்தக் கூட்டங்களில் ஒரு விளக்கமும் கொடுத்தனுப்புகிறார்கள்: நீ முழு மனதோடு நம்பவில்லை. பணமும் போய், பழியும் தன்மீது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

நிற்க. இந்தக் கருத்தரங்குகள் எல்லாமே வலை வீசுகின்றன என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலானவற்றில் மோசடி இல்லை; வெறும் பேச்சுத்தான் இருக்கிறது. அந்த வெறும் பேச்சு எங்கள் மலைகளில் எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும்.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர்களுக்காக ஊக்குவிப்புக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். காலையில் கொழுந்து பறித்துவிட்டு, கால் கழுவி, பெண்கள் மண்டபத்தில் வந்து அமர்ந்தார்கள். வளவாளர் நகரத்துக்காரர். நல்ல மனிதர்தான். உற்சாகமாகத் தொடங்கினார்: "இந்த உலகத்தில் பிறந்த ஒவ்வொருவரும் பேர் எடுக்க வேண்டும். நீங்கள் பேர் எடுக்க விரும்புகிறீர்களா?"

"ஆமாங்க!" என்று கூரை அதிரப் பதில் வந்தது. அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி எழுந்தார். "அப்ப இன்னிக்கு முழுப்பேருங்களா, அரைப்பேருங்களா?"

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். தோட்டத்தில் "பேர்" என்றால் புகழ் அல்ல. ஒருநாள் வேலைக்கான பதிவு. பெரட்டுக் களத்துக்கு நேரத்துக்கு வந்து, மலையில் நாள் முழுக்க நின்று, தோட்டம் நிர்ணயித்த அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் முழுப்பேர். பல தோட்டங்களில் அந்த அளவு 18 கிலோ. மழையில் செடி கொடுக்காவிட்டாலும், காடு மண்டிய மலையில் கொழுந்து கிடைக்காவிட்டாலும் அரைப்பேர். அதாவது அரை நாட்சம்பளம். மூதாட்டி கேட்டது மிக நியாயமான கேள்வி. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா? வளவாளர் தோட்டத்து உத்தியோகத்தரைப் பார்த்தார். உத்தியோகத்தர் கூரையைப் பார்த்தார். அதன் பிறகு கூட்டம் எழும்பவில்லை.

அந்த வளவாளரை நான் கேலி செய்யவில்லை. அவர் கற்றிருந்த வித்தைக்கு அந்த மண்டபத்தில் இடமில்லாமல் போனது, அவ்வளவுதான். அந்த வித்தையின் வேர் நீளமானது. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் இங்கிலாந்தில் எழுதிய நூலிலிருந்து, டேல் கார்னகியின் 1936ஆம் ஆண்டு நூல் வழியாக அது உலகெங்கும் பரவியது. தமிழில் அப்துற் றஹீமின் நூல்களை எங்கள் தலைமுறையில் படிக்காதவர் குறைவு. பின்னர் எம்.எஸ். உதயமூர்த்தி வந்தார். அவருடைய 'எண்ணங்கள்' நூலைக் கை மாற்றிக் கை மாற்றி அட்டை கிழியும்வரை படித்தோம். 1988இல் வெளிவந்த 'உன்னால் முடியும் தம்பி' படத்தின் நாயகனுக்கு அவருடைய பெயரையே சூட்டினார் கே. பாலசந்தர். ஆனால் உதயமூர்த்தியே எண்ணத்தோடு நின்றுவிடவில்லை. மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கி, நதிநீர் இணைப்பு என்றும் ஊர் சீர்திருத்தம் என்றும் வெளியே நடக்கத் தொடங்கினார். மனத்தை மட்டும் திருத்தினால் போதும் என்று அவர் கருதியிருந்தால், அந்த அலைச்சல் அவருக்கு எதற்கு?

அமெரிக்காவின் பெயர்பெற்ற ஊக்கப் பேச்சாளர் டோனி ராபின்ஸ் தம் கூட்டங்களில் ஆட்களைத் தணலில் நடக்க வைக்கிறார். 2016 ஜூனில் டலஸ் நகரில் அப்படி நடந்தவர்களில் ஏறத்தாழ 30 பேருக்குக் கால் சுட்டுவிட்டது. செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மாரியம்மன் கோவில் திருவிழாவில் காப்புக் கட்டி, விரதமிருந்து தீ மிதிப்பவர்கள் அதற்காக யாரிடமும் கட்டணச் சீட்டு வாங்குவதில்லை.

பதுளைக்குக் கூட்டங்கள் புதியவை அல்ல. 1940இல் இந்த ஊவா மலைகளில் வேறு வகைக் கூட்டங்கள் நடந்தன. அவ்வாண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டு இறந்தார். அந்த அலை ஊவாவுக்கு வந்தபோது, வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர்கள் தமக்கென்று ஒரு சபையைத் தெரிந்தெடுத்து, துரையோடு அதன் மூலமே பேசினார்கள். கைநாட்டு வைக்கும் மனிதர்களுக்கு அந்தத் தன்னம்பிக்கையை எந்த ஹோட்டல் மண்டபமும் கொடுத்திருக்கவில்லை. 1960களில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இருந்த இர. சிவலிங்கம் மேடையேறினால் இளைஞர் கூட்டம் கட்டுண்டு கிடக்கும். அவரும் எழுந்து நில் என்றுதான் சொன்னார். ஆனால் எதற்கு எதிரே எழுந்து நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நம் காலத்துக்கே வருவோம். 2015இல் கேட்கத் தொடங்கிய ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் 1,750 ரூபா அறிவிக்கப்பட்டது. இவை எவையும் கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொண்டதால் வந்தவையல்ல.

அப்படியானால் கருத்தரங்குகளே வேண்டாமா? நான் பார்த்த மிகச் சிறந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலை. சனிக்கிழமை. ஒலிபெருக்கி இல்லை. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண், அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள், கரும்பலகையில் 40, 55, 5 என்று மூன்று எண்களை எழுதினாள். மருத்துவம், பொறியியல் போன்ற பல கற்கைநெறிகளில் நூற்றுக்கு நாற்பது இடங்கள் அகில இலங்கைத் தகுதி அடிப்படையில். ஐம்பத்தைந்து மாவட்ட அடிப்படையில். ஐந்து கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. ஆகவே நீங்கள் கொழும்புப் பிள்ளையோடு மட்டும் ஓடவில்லை; உங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளோடும் ஓடுகிறீர்கள் என்றாள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயருமாக இருப்பவர்கள் கையுயர்த்துங்கள் என்றாள். ஒன்பது கைகள் எழுந்தன. எந்த அலுவலகத்துக்குப் போவது, எந்தப் படிவத்தைக் கேட்பது, "நாளைக்கு வா" என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். கட்டணம் இல்லை, தேநீரும் ஒரு பணிஸும் கொடுத்தார்கள். "என்னால் முடியும்" என்று அங்கே ஒருவரும் கத்தவில்லை. முடிந்த ஒருத்தி முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று இரவு பசறை நண்பரை அழைத்தேன். வளவாளர் யார், இந்தக் கருத்தரங்குக்குப் பின் இன்னொன்று உண்டா, அதன் கட்டணம் என்ன, வீட்டுக்கு வரும்போது பிள்ளையிடம் நினைவில் ஒரு தகவலாவது இருக்குமா என்று விசாரிக்கச் சொன்னேன். உற்சாகம் வேண்டுமென்றால் ஒருநாள் போய்க் கேட்டுவிட்டு வரட்டும், பாட்டுக் கச்சேரிக்குப் போவதில்லையா, ஆனால் அந்த 6,000 ரூபாவில் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகள் எத்தனை வாங்கலாம் என்று அவளையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். பிறகு 2010ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் சற்று நேரம் பேசவில்லை. "அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான் அண்ணே?" என்று கேட்டார்.

கொழும்பில்தான். சொந்தமாக ஒரு சிறு கடை வைத்திருக்கிறான். இரண்டு வருடங்களுக்கு முன் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது கண்டேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனான். பணத்தை அவனே கொடுத்தான். சித்தப்பாவின் கடனை முழுவதும் அடைத்துவிட்டதாகவும், அத்தை மகனுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருப்பதாகவும் சொன்னான். அந்தச் செய்தியைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா என் மேசையில் வைத்துவிட்டுப் போன அந்தத் துண்டு என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். தேநீர் முடிந்துவிட்டது.